வேளைக்காரரின் கேள்வி

மலைக்குகை ஒன்றில் சமணப் பெண் துறவி ஒருவர் இருந்தார். குரத்தியார் என்று அவரை அழைத்தார்கள். அவருடைய சீடர்களில் பூதி என்பவர் குருவைவிட வயதில் மூத்தவர்.

பூதி ஒரு காலத்தில் சோழ அரசரின் வேளைக்காரராக இருந்தார். வேளைக்காரர் என்றால் அரசருக்கு உயிரை நேர்ந்துவிட்ட காவலர். அரசர் சாகும் நாளில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வதாகக் கொற்றவைமுன் சத்தியம் செய்தவர்.

பாண்டியர் படை வந்தது. தலைநகரை எரித்தது. அரண்மனையை இடித்து, அந்த இடத்தை உழுது போட்டார்கள். காவல் நின்ற பூதி காயங்களோடு பிழைத்தார். ஆனால் அரசரின் உடலை யாரும் பார்க்கவில்லை. பூதிக்குச் சாகவும் வழியில்லை, வாழவும் மனமில்லை. ஊர் ஊராக அலைந்துவிட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்.

"அரசர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும், அடிகளே."

"எனக்குத் தெரியாது. தங்குவதென்றால் தங்கும்" என்றார் குரத்தியார்.

பூதி தங்கினார். சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். விடிந்ததும் பாறைமேல் நின்று சோழர் குலவரிசையைச் சொல்வார். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவர், காவிரிக்குக் கரை கட்டியவர், கங்கைவரை படை நடத்தியவர், கடாரம் கொண்டவர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லி, காணாமல்போன அரசரில் வந்து நிறுத்துவார். மற்றச் சீடர்கள் முணுமுணுத்தார்கள். குரத்தியார் தடுக்கவில்லை.

வருடங்கள் போயின. ஒருநாள் மேற்கே இருந்து ஒரு குதிரை வணிகர் தண்ணீர் கேட்டு வந்தார். வழிப்போக்கர் எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் பூதி கேட்டார்.

"சோழ ராசாவா? பார்த்தேனே! மலைநாட்டில் ஒரு சிற்றரசன் வீட்டில் இருக்கிறார். கொஞ்சம் மூட்டுவலி. மற்றபடி சுகம்."

பூதி கிட்டே வந்தார். "எப்படித் தப்பினாராம்?"

"அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அரண்மனையின் கிழக்கு வாசலில் காவலரை நிறுத்தி, 'இதோ வருகிறேன், அசையாதீர்கள்' என்றாராம். அரசர் அங்கேதான் இருக்கிறார் என்று எதிரி கிழக்கிலேயே மொய்த்துவிட்டான். இவர் மேற்கே போய்விட்டார். நல்ல யுக்தி, இல்லையா?"

"நின்றவர்களைப் பற்றி?"

"ஒன்றும் சொல்லவில்லையே" என்றார் வணிகர். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பாறைமேல் குரல் கேட்கவில்லை. குரத்தியார் எறும்பும் மிதிபடாதபடி மயிற்பீலியால் வழியைப் பெருக்கிக்கொண்டே வந்தார். பூதி கீழே உட்கார்ந்திருந்தார்.

"அரசர் உயிரோடு இருக்கிறார்" என்றார் பூதி.

"அப்படியானால் நீர் சாக வேண்டியதில்லை."

"செத்திருக்கக் கூடாதா அவர்?"

குரத்தியார் பீலியைக் கீழே வைத்தார்.

"கிழக்கு வாசலில் நின்றால் எங்கள் தெரு தெரியும், அடிகளே. கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. கடைசி வீடு என்னுடையது. உள்ளே மனைவியும் மகளும். ஓடிப் போயிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அசையாதே என்றார் அரசர். நான் அசையவில்லை."

அவர் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதற்காக எரிந்தார்கள் அவர்கள்? அதைச் சொல்லுங்கள்."

"உமது குலவரிசையைச் சொல்லும், கேட்கிறேன்" என்றார் குரத்தியார்.

"இனி அதை எந்த வாயால் சொல்வேன்?"

"இன்று ஒருமுறை."

பூதி சொன்னார். நாக்கு பழகியிருந்தது. தேர்க்கால், காவிரிக்கரை, கங்கை, கடாரம். அரசர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசிப் பெயருக்கு வந்தார். அதையும் சொல்லி முடித்தார்.

குரத்தியார் கடைசிவரை கேட்டார். பிறகு பூதியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உம் மகளுக்கு என்ன பெயர்?"

பூதி வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.