முட்டுக்கட்டை பிடித்த அமைச்சர்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை உதியர்கோன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். காலையில் வெட்டச் சொன்ன குளத்தை மாலையில் தூர்க்கச் சொல்லும் சித்தம் அவனுக்கு. அவனுடைய முதலமைச்சர் காலமானதும் அந்தப் பதவிக்கு இருவர் முன்வந்தனர். ஒருவர் குலப்பெருமை பேசும் வில்லவராயர். மற்றவர் ஆற்று மதகுகளைக் கண்காணித்துவந்த அழிசியார்.

"முதலிடம் கிடைக்காவிட்டால் இரண்டாமிடத்தை ஏற்பீர்களா?" என்று அவையில் கேட்டான் அரசன்.

"என் குலத்தில் எவரும் இன்னொருவர் முதுகைப் பார்த்து நின்றதில்லை, மன்னா!" என்று மீசையை நீவினார் வில்லவராயர்.

"ஏற்பேன்" என்றார் அழிசியார்.

"பந்தி முடிந்தபின் மிச்சம் இருக்குமா என்று கேட்கிறார், பாருங்கள்!" என்றார் வில்லவராயர். அவை கொல்லென்று சிரித்தது.

அரசன் முகம் சுளித்தான். "தம்மீதே நம்பிக்கை இல்லாதவரை நான் எப்படி நம்புவது? நாளை தேரோட்டம். முதலமைச்சர் தேருக்கு முன்னே கொடியசைப்பதும், இரண்டாம் அமைச்சர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும் நம் வழக்கம். வில்லவராயர் கொடியைப் பிடிக்கட்டும். நீர் கட்டையைப் பிடியும். தேர் நிலைக்கு வருவதற்குள் உம் விடை சரியென்று காட்டாவிட்டால், நாட்டை விட்டே போய்விடும்!"

மறுநாள் ஏழடுக்குத் தேர் புறப்பட்டது. புழுதியும் எண்ணெயும் அப்பிய உடம்போடு அழிசியார் சக்கரத்தின் அருகில் குனிந்தே நடந்தார். அவர் கண்ணுக்குக் கூட்டம் தெரியவில்லை. சக்கரம் மட்டுமே தெரிந்தது. தெற்குவீதி சரியத் தொடங்கும் இடத்தில் கட்டையைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"இழுங்கள்!" என்று கொடியசைத்தார் வில்லவராயர். ஆயிரம் பேர் வடத்தை இழுத்தனர். தேர் இம்மியும் அசையவில்லை.

அரசன் விரைந்து வந்தான். "என்ன இது, அழிசியாரே?"

"முன்னிற்பவர் ஆணையிடுகிறார், ஆயிரம் பேர் கீழ்ப்படிகிறார்கள், தேர் நிற்கிறது. இந்தச் சரிவுக்கு மட்டும் நாங்கள் இடம் மாறிக்கொள்ள அனுமதியுங்கள், மன்னா. கொடி எனக்கு, கட்டை அவருக்கு."

வில்லவராயர் ஆளுயரச் சக்கரத்தை ஏறிட்டுப் பார்த்தார். அதனடியில் கையை நீட்ட வேண்டுமே! அவர் ஓரடி பின்வாங்கினார். "புழுதியில் குனிவதா? நான் மாட்டேன். கட்டையை எடும்!"

அழிசியார் எடுத்தார். தேர் உருண்டது, பிறகு பாய்ந்தது. வடம் பிடித்தவர்கள் இருபுறமும் சிதறினர். கொடித்துணி காலில் சுற்ற, வில்லவராயர் நடுவீதியில் மல்லாந்து விழுந்தார். அழிசியார் கட்டைகளை அள்ளிக்கொண்டு சக்கரத்தோடு ஓடினார். ஒரு கட்டை நொறுங்கியது. இரண்டாவது தெறித்தது. மூன்றாவதை இரு கைகளாலும் திணித்தார். மலையே மூச்சுவிட்டதுபோல் முனகி நின்றது தேர். சக்கரத்துக்கும் வில்லவராயர் மார்புக்கும் நடுவே ஒரு சாண்.

தேர்மணிகள் மெல்ல ஆடி ஓய்ந்தன. அரசன் தன்னையறியாமல் கைகூப்பினான்.

"இரண்டாமிடத்தை ஏற்பேன் என்றீரே, அது இடத்தைப் பார்த்துச் சொன்னதல்ல, நாடென்னும் தேரைப் பார்த்துச் சொன்னது. முதலமைச்சர் பதவி உமக்கே!" என்றவன், விழுந்து கிடந்தவர் பக்கம் திரும்பினான். "வில்லவராயரே, இரண்டாமிடம் காலியாக இருக்கிறது. ஏற்பீரா?"

மார்பருகே உயர்ந்து நின்ற சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "ஏற்பேன், மன்னா... ஆனால் கட்டை மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்!"

அன்றுமுதல் மருதவேலித் தேரில் கொடி இரண்டாமவருக்கு, கட்டை முதல்வருக்கு.