பறக்க மறுத்த ஐந்து கறுப்புப் பறவைகள்

கருக்காம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் அது வீண்பழி. இருக்கிறது. கெட்டுப்போய்விடக் கூடாதே என்று எடுத்து உபயோகிப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் செவத்தையனுக்கு மாமன் மகள் காசியம்மாள் மேல் கொள்ளை ஆசை. பெண் கேட்டுப் போனான். மாமன் சன்னாசி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

"எடுத்த காரியம் ஒண்ணையாவது முடிச்சிருக்கியாடா? கிணறு வெட்டப் போனே. தண்ணி வந்து வேலையக் கெடுக்குதுன்னு மூடிட்டு வந்துட்டே. ஒரு வேலைய முழுசா முடிச்சு, அதுக்கு அத்தாட்சியும் கொண்டா. பொண்ணத் தாரேன்."

செவத்தையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. காசியம்மாள் இல்லாவிட்டால் இந்த உசிர் எதற்கு என்று உண்மையாகவே அழுதான்.

அந்த வாரம்தான் கோச் ஜெயசீலன் ஊருக்குள் வந்தார். வெளிநாட்டில் உலகப் பயத்லான் போட்டி. காலில் சறுக்குக் கட்டை, முதுகில் துப்பாக்கி. பனியில் ஓட வேண்டும், நடுநடுவே நின்று குறி பார்த்துச் சுட வேண்டும். நாளெல்லாம் துப்பாக்கியோடு அலையக் கூடிய ஆள் தேடி அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். செவத்தையன், உக்கிரபாண்டி, வீரணன் மூவரும் கம்பங்காட்டுக் காவல்காரர்கள். துப்பாக்கியும் கையுமாகவே திரிபவர்கள். கோச் வாயெல்லாம் பல்லாகிப் போனார்.

எப்படிச் சுடுவீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கருக்காம்பட்டித் துப்பாக்கியில் குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பறவை பறந்துவிட்டால் குறி சரி. உட்கார்ந்தே இருந்தால் குறி தப்பிவிட்டது. ஊர்ச் சட்டம் அது. சுடத்தான் தெரியுமே என்று கோச் அவர்களுக்குச் சறுக்க மட்டும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப்போனார்.

போட்டியன்று காலையில் அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "மூச்ச அடக்கிட்டுத்தான் சுடணும். முதல் தடவை படுத்துக்கிட்டு, அவசரமே படக் கூடாது. ஒரு குறி தப்பினா தண்டனையா ஒரு சுத்து. கடைசியில அந்த பேனருக்குக் கீழ போனாத்தான் முடிச்ச மாதிரி."

மூவரும் தலையாட்டினார்கள்.

வீரணன் புறப்படும்போதே மூச்சை அடக்கிக்கொண்டான். முதல் மேட்டிலேயே முகம் கத்தரிக்காய் நிறமாகி விழுந்தான். டாக்டர் ஓடிவந்து வாயைத் திறக்கச் சொன்னால், துப்பாக்கியைக் காட்டி, இன்னும் சுடவில்லையே என்று கையை ஆட்டினான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

உக்கிரபாண்டியும் செவத்தையனும் சுடும் இடத்துக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். கூட வந்தவனை விட்டுவிட்டுப் போவது மரியாதையா? எதிரே பலகையில் வரிசையாக ஐந்து கறுப்பு வட்டங்கள். செவத்தையன் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டுக் காத்திருந்தான். ஒன்றும் அசையவில்லை. கோச் கொடுத்த ஐந்து குண்டும் இப்படியே தீர்ந்தது.

"செவிடா இருக்குமோண்ணே?"

"அஞ்சுமாடா செவிடு?" என்றான் உக்கிரபாண்டி. யோசித்துவிட்டு, "ஒரு தாய் பிள்ளைகளா இருந்தா இருக்கலாம்" என்றான்.

பக்கத்துத் தடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரன் சுட, அவனுடைய கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின.

"பாத்தியா, பயத்துல வெளுத்துப் போச்சு! நேரா மூஞ்சியிலயே சுடுறான், பாவி. ஒரு கதிரயாவது தின்னுச்சா அதுக?" என்றான் உக்கிரபாண்டி.

செவத்தையனுக்குக் கண் கலங்கியது. ஆனால் தப்பு தப்புதான். "அஞ்சும் பறக்கலை. நான் அஞ்சு சுத்து சுத்திட்டு வாரேன். நீ சுடலையா?"

"கோச் படுக்கச் சொன்னாரு, அவசரப்படக் கூடாதுன்னும் சொன்னாரு" என்று உக்கிரபாண்டி விரிப்பில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

நான்கு தடவை சுட்டான் செவத்தையன். நான்கு தடவையும் பறவைகள் அசைந்து கொடுக்கவில்லை. ஆக மொத்தம் இருபது சுற்று. ஒன்றுகூடக் குறைக்காமல் காசியம்மாளை நினைத்துக்கொண்டே சுற்றினான். அவன் சுற்றி முடிப்பதற்குள் முதல் பரிசுக்காரன் பதக்கம் வாங்கி, குளித்து, சாப்பிட்டும் முடித்திருந்தான்.

கடைசி மேட்டில் ஏறிப் பார்த்தால் பேனரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, முடிவு போகுதே!" என்று அலறியபடி செவத்தையன் லாரிக்குப் பின்னால் சறுக்கினான். லாரி அந்த வெளிநாட்டு ஊருக்குள் போய்க் கிடங்கு வாசலில் நின்றது. இரண்டு பேர் பேனரைத் தோளில் தூக்கி உள்ளே போக, குனிந்து அதன் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்தான். கூடவே துரத்தி வந்த கோச்சுக்கும் நடுவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. 'முடித்தார்' என்று நடுவர் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

சன்னாசி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறு முகூர்த்தத்திலேயே கல்யாணம். தாலி ஏறியது. "மணவறைய மூணு சுத்து சுத்தி வாங்க" என்றார் பூசாரி.

செவத்தையன் நகரவில்லை. "மூணா? நான் இங்க சுடவே இல்லையே! தப்பு பண்ணாமச் சுத்தினது தெரிஞ்சா சர்டிபிகேட்டப் பிடுங்கிட மாட்டாங்களா?"

கூட்டம் திகைத்தது. சன்னாசிக்கு வேர்த்துவிட்டது. "சர்டிபிகேட் போச்சுன்னா பொண்ணு இல்லடா! சுத்தலைன்னா கல்யாணமும் இல்லை!"

உக்கிரபாண்டிதான் தீர்ப்புச் சொன்னான். "அதுக்கென்ன, மூணு குறி தப்பட்டும். முறைப்படி சுத்தலாம்."

துப்பாக்கி வந்தது. மாப்பிள்ளை பந்தலுக்கு வெளியே நின்று மூன்று வெடி வெடித்தான். வேப்பமரத்தில் இருந்த அத்தனை காக்காயும் பறந்துவிட்டன. ஒரு குறிகூடத் தப்பவில்லை. "போச்சே!" என்று செவத்தையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். சொந்தக்காரப் பெண்கள் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் காசியம்மாள் குனிந்த தலை நிமிர்ந்து வாய் திறந்தாள். "எங்க வீட்டு அடைக்கோழியத் தூக்கிட்டு வாங்க. முட்டை மேல உக்காந்துட்டா இடி விழுந்தாலும் எந்திரிக்காது."

கூடையோடு கோழி வந்தது. ஒரு வெடி. கோழி அசையவில்லை. இரண்டு. கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவது வெடிக்குக் கொட்டாவி விட்டது.

"மூணும் தப்பிருச்சு!" என்று ஊரே கூத்தாடியது. செவத்தையன் ஆனந்தக் கண்ணீரோடு பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடியும் குறையாமல் மூன்று தண்டனைச் சுற்றும் சுற்றி முடித்தான்.

பந்தியில் முதல் இலை அந்தக் கோழிக்குத்தான் போட்டார்கள். அது அதற்கும் எழுந்து வரவில்லை என்பதால், நாலாவது குறியும் தப்பியதாகக் கணக்கு வைத்து, மாப்பிள்ளையை இன்னொரு சுற்று சுற்ற வைத்தார்கள்.