செலினியத்துக்குத் துண்டு போட்டவர்

ஒரு ஊர்ல ஒரு ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தா என்றொரு ஆசிரியை. அவருக்கு ஒரு சீடர், பெயர் அருமைநாயகம். வேடிக்கை என்னவென்றால், தலை நரைத்திருந்தது சீடருக்குத்தான். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர், முனைவர் பட்டத்துக்காக நீண்ட விடுப்பில் வந்திருந்தார். அவர் "மேடம்" என்பார்; ஆசிரியை "சார்" என்பார்.

ஒரு பாக்டீரியாவுக்குள் ஒரு நொதி. செல் துருப்பிடித்துப் போகாமல் காக்கிற, செலினியம் கலந்த பொருள் ஒன்றை அது செய்கிறது. எப்படிச் செய்கிறது என்று பார்க்க, அந்த நொதியைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, கணினியில் உருவத்தை எடுக்க வேண்டும். செலினியம் உள்ள மூலப்பொருள் நொதியின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிற படம் கிடைத்தால் அருமைநாயகத்துக்குப் பட்டம். விடுப்போ முடியப் போகிறது.

ஒரு நாள் காலை அருமைநாயகம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

"பிடிச்சிட்டேன் மேடம்!"

திரையில் நீல வலை. எங்கே அணு இருக்கிறதோ அங்கே வலை திரளும். குழிக்குள் திரண்டிருந்த வலையில் மூலப்பொருளைக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தார். செலினியம் கனத்த அணு. அது இருக்கிற இடத்தில் வலை தடித்து நிற்க வேண்டும். அங்கே மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது. அதை அவர் முன்பே கவனித்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

ஜெசிந்தா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"அழகா இருக்கு சார். இப்ப அதை எடுத்துடுங்க."

"எதை?"

"நீங்க வச்சதை."

"ஐயோ, வச்சதே இப்பத்தானே மேடம்!"

"நீங்க வச்சதையும் சேர்த்துக்கிட்டுத்தான் கம்ப்யூட்டர் இந்த வலையைப் பின்னுது. எடுத்துட்டு மறுபடி பின்னச் சொல்லுங்க."

மனசே இல்லாமல் எடுத்தார். கணினி முனக ஆரம்பித்தது.

"சார், பஸ்ல இடம் பிடிக்க ஜன்னல் வழியா துண்டு போட்டிருக்கீங்களா?"

"போடாம? பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப எத்தனை துண்டைத் தொலைச்சிருக்கேன்!"

"துண்டு கிடந்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆள் இருக்குன்னு நினைப்பாங்க."

"போட்டவரு?"

அருமைநாயகம் சிரித்தார். "சீட்டு காலின்னு அவருக்குத்தானே தெரியும்..." சிரிப்பு பாதியில் நின்றது.

புது வலை வந்தது. குழிக்குள் இருந்த திரட்சி கரைந்து போயிருந்தது. ஓரமாகச் சின்ன முடிச்சு ஒன்றுதான் மிச்சம்.

"இது யாரு மேடம்?"

"எக்ஸ்ரேக்கு முன்னாடி உறைய வைக்கிறப்ப படிகம் கெட்டுடாம இருக்க என்ன ஊத்தினீங்க?"

"கிளிசரால்..."

தன் கையால் ஊற்றியதையே செலினியம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"பழைய படமும் இருக்கு மேடம். அதையே யுனிவர்சிட்டிக்கு அனுப்பினா, வச்சதை எடுத்துட்டு யாரும் பார்க்க மாட்டாங்க. எனக்கு லீவும் முடியுது."

"பார்க்க மாட்டாங்கதான். நேரா அனுப்பியிருக்கலாமே. அப்புறம் எதுக்கு சார் என்கிட்ட கொண்டுவந்தீங்க?"

அருமைநாயகம் பழைய படத்தை அழித்தார். அல்வாப் பொட்டலத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு, படிகம் வளர்க்கிற அறையை நோக்கி நடந்தார்.