பச்சைச் சாணி

கத்தரிக் கன்றுகள் கருகிப்போயிருந்தன. வைரக்கண்ணு பாத்தியருகே குந்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரே மகன் ஆற்றோடு போன பிறகு, மனைவியை வீட்டில் விட்டுவிட்டு இந்த மடத்துக்கு வந்தவர். மறுநாள் காலை காவி வாங்குவதாக இருந்தது.

மடத்தை நடத்தும் அம்மையார் வந்து நின்றார். வயதில் அவருக்கு இளையவர்.

"என்ன போட்டீங்க, வாத்தியாரே?"

"உரம்தான் தாயே. தொழுவத்திலிருந்து சுடச்சுட அள்ளிவந்து போட்டேன்."

"சுடச்சுடப் போட இதென்ன இட்டிலியா?"

வைரக்கண்ணு சிரிக்கவில்லை.

"உரம்னா என்ன?"

சொல்லுக்குப் பொருள் கேட்டால் அவருக்கு மூச்சு சீராகும். "வலிமை. பழைய நூல்கள்ல மார்புக்கும் அந்தப் பேர் உண்டு. மண்ணுக்கு வலு கொடுக்கிறதால எருவுக்கும் வந்திருக்கணும்."

"நீங்க போட்டது வலு கொடுக்கலையே."

"அது மக்கலை தாயே. சூடு. வேரைச் சுட்டுடுச்சு."

"அப்ப அது உரமில்லையா?"

"வெறும் பச்சைச் சாணி. குழியில கிடந்து மக்கின பிறகுதான் அந்தப் பேர்."

வைரக்கண்ணு கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குக் காவி கொடுப்பீங்கல்ல?"

"பையன் பேர் என்ன?"

"அதெல்லாம் விட்டுட்டேன் தாயே. என் சம்சாரம்தான் இன்னும் அவன் சட்டையை மடியில வச்சுக்கிட்டு அழுறா. மனசுல உரம் இல்லாதவ. பார்க்க முடியாமத்தானே இங்க வந்தேன்."

"நீங்க அழுதீங்களா?"

"ஒரு சொட்டு இல்லை."

அம்மையார் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். வேர் கறுத்து, நூல்போல வந்தது. அதை வைரக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார்.

வைரக்கண்ணு அதைப் பார்த்தார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

"இளம்பரிதி" என்றார். பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அம்மையார் அவரைத் தேற்றவில்லை.

வெகுநேரம் கழித்து வைரக்கண்ணு கேட்டார்: "அப்ப, காவி?"

"வீட்டுல ஒருத்தி தனியா மக்கிக்கிட்டிருக்கா. போய்ப் பக்கத்துல கிடங்க, வாத்தியாரே."