இடது பக்கத்து அலை

சவரிமுத்துவுக்கு வயசு அம்பத்திரெண்டு. அவரோட குருவுக்கு இருபத்தேழு.

குரு பேரு டெல்பின். கழிமுகத்துல வேக்போர்டு சொல்லிக் குடுக்குற கோச். படகு கயித்துல இழுத்துட்டுப் போகும். கால்ல பலகைய மாட்டிக்கிட்டு ஒரு ஆளு பின்னாடியே தண்ணி மேல வழுக்கிட்டு வரணும். படகு கிளப்புற அலையில ஏறி, எகிறி, அந்தாண்ட விழாம இறங்கணும். அலை உடையாம நேரா நின்னா ஆளு பறக்கும். அலை சரிஞ்சா மூஞ்சி தண்ணியில.

அந்த அலைய நிக்க வைக்கிறது படகு ஓட்டுறவங்க பொறுப்பு. அதக் கத்துக்கத்தான் சவரிமுத்து வந்திருந்தாரு. இருபது வருஷம் விசைப்படகு ஓட்டி மடி வலை இழுத்த மனுசன். அப்புறம் கடல் பக்கமே தலை வச்சுப் படுக்காம பதினோரு வருஷம் ஒரு அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேன். ஏன்னு யாரும் கேக்கல. அவரும் சொல்லல. மறுபடி ஸ்டியரிங்கத் தொட்டது இங்கதான். தொட்ட அன்னைக்கு வீட்டுல போயி ரெண்டு தட்டு சோறு கூடச் சாப்பிட்டாரு.

ஆனா முதல் நாளே மனுசன் மிரண்டுட்டாரு. டெல்பின் ஒரு சுவிட்சத் தட்டுனா. குடுகுடுகுடுன்னு படகுக்குள்ள தண்ணி ஏறுற சத்தம்.

"ஐயோ கோச்சம்மா, ஓட்டை! ஓட்டை!" சாப்பாட்டு டப்பாவத் தொறந்து எறைக்க நின்னுட்டாரு.

"ஓட்டையில்லண்ணே. பையில தண்ணி ஏத்துறேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. படகு கனத்தாதான் அலை உசரும்."

"நல்லாயிருக்குற படகுல நாமளே தண்ணி விடுறமா?"

"ஆயிரம் லிட்டரு."

"மாதாவே!" நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாரு. டப்பாவ மட்டும் கீழ வைக்கல.

இது நடந்து ஒரு மாசம். இப்போ, விடிஞ்சா போட்டிக்கு ஆள் எடுக்குற செலக்‌ஷன். பலகை ஏறுறது தர்ஷிகா, காலேஜ் ரெண்டாம் வருஷம். இடது பக்கத்து அலையில ஏறித்தான் அவ குதிக்கணும். அந்த இடது அலைதான் நிக்க மாட்டேங்குது. வலது பக்கம் சும்மா கண்ணாடி மாதிரி எழும்புது, இடது பக்கம் பொங்குன பால் மாதிரி நுரை தள்ளிச் சரியுது. காலையிலருந்து நாலு தடவ குதிச்சா, நாலு தடவயும் விழுந்தா. உதடு கிழிஞ்சிருச்சு.

"சாயந்தரத்துக்குள்ள அலை நிக்கலன்னா நாளைக்கு வேற டிரைவர்," டெல்பின் சொல்லிட்டா.

சவரிமுத்து இடது பையில அம்பது லிட்டரு ஏத்திப் பாத்தாரு. சரிஞ்சுது. நூறு எறக்கிப் பாத்தாரு. இன்னும் சரிஞ்சுது.

"ஒரு கணக்கச் சொல்லித் தொலைங்களேன் கோச்சம்மா. எந்தப் பையில எத்தன லிட்டரு?"

"பையில எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"வேகம்?"

"முப்பத்தாறுல போகச் சொன்னேன். போறீங்களா?"

"பின்ன? முள்ளப் பாத்துட்டுத்தான போறேன்."

"எங்க பாத்தீங்க? பின்னாடியில்ல பாத்தீங்க. கடைசி ஓட்டத்துல எத்தன தடவ திரும்புனீங்க?"

"ரெண்டு."

"பதினாலு." டெல்பின் அவர மாதிரியே உக்காந்து காட்டுனா. கழுத்த நீட்டி, வலது பக்கமா ஒடம்பு மொத்தத்தையும் படகுக்கு வெளிய தொங்கவிட்டு, வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற திராட்டில் மேல இருந்த கையைத் தளர்த்தி. "இப்பிடி. தொண்ணூறு கிலோ வலப்பக்கம் சாயுது. கையி தானா இழுத்து முப்பத்திரெண்டுக்கு வருது. அலை பாவம், என்ன பண்ணும்?"

தண்ணியில கெடந்தபடியே தர்ஷிகா சிரிச்சுட்டா. உதடு வலிச்சு உடனே நிறுத்திக்கிட்டா.

"மடி இழுக்குறப்ப திரும்பித் திரும்பிப் பாக்கணும் கோச்சம்மா. பழக்கம்."

"எதிர்ல கண்ணாடி வச்சிருக்கேன்ல?"

"கண்ணாடியில தெரியிறது ஆளு இல்லம்மா. படம்."

டெல்பின் கண்ணாடிய மேல பாத்துத் திருப்பி விட்டா. அதுல இப்போ வெறும் வானம்.

"அந்த வெள்ளக் கம்பம் வரைக்கும் முன்னாடி மட்டும் பாருங்க. ஒரு தடவ திரும்புனாலும் நாளைக்கு சீட்டு கிடையாது."

கிளம்புனாரு. பலகை தண்ணியக் கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. புள்ள எந்திரிச்சுட்டா. முப்பத்தாறு. கழுத்து நரம்பு பின்னாடி இழுக்குது. பல்லக் கடிச்சுக்கிட்டாரு.

"ஏம்மா, நிக்கிறாளா?"

பதில் இல்ல.

"கோச்சம்மா?"

வேர்த்து கண்ணுல எறங்குது. கம்பம் வந்துச்சு. படார்னு திரும்புனாரு.

இடது பக்கம் அலை நிக்குது. வலது பக்கம் அலை நிக்குது. ரெண்டும் சீவி விட்ட மாதிரி. நடுவுல கயிறு வருது. கயித்து நுனியில கைப்பிடிக் கட்டை துள்ளித் துள்ளி வருது.

கட்டையப் பிடிச்சுக்கிட்டு யாரும் இல்ல.

"மிக்கேலு!"

கழிமுகமே அதிர்ந்துச்சு. கரையில நின்ன கொக்கு கிளம்பிருச்சு. திராட்டில ஒரேயடியா முழுசாக் கொறைச்சாரு. படகு பொதுக்குன்னு உக்காந்துச்சு. அவரு கிளப்புன அலையே பின்னாடி வந்து ஏறி, படகுக்குள்ள முழங்கால் தண்ணி. அவரு எறைக்கல. டப்பாவத் தேடல. நின்ன எடத்துலயே நிக்கிறாரு. "மிக்கேலு... டேய் மிக்கேலு..."

டெல்பின் தாவி ஸ்டியரிங்கப் பிடிச்சுத் திருப்புனா. தூரத்துல ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டு. தர்ஷிகா ஒரு கையத் தூக்கி ஆட்டிட்டு இருந்தா. நல்லாத்தான் இருந்தா.

"நான்தாண்ணே பாதியிலயே கயித்த விடச் சொல்லி சைகை காட்டுனேன். பின்னாடி ஆளே இல்லன்னாலும், நீங்க திரும்பாம போனா அலை நிக்கும்னு காட்டலாம்னு." டெல்பின் ஸ்டியரிங்க விட்டுட்டு அவரு பக்கம் வந்தா. "யாருண்ணே மிக்கேலு?"

அவரு சீட்டுல உக்காந்தாரு. பம்ப்பு தண்ணிய வெளிய தள்ளிட்டு இருந்துச்சு.

"என் படகுல கடைசியா வேல பாத்தவன். மடி இழுத்துட்டு இருந்தோம். ஒரு பீடி. ஒரே ஒரு பீடி பத்த வச்சேன், முன்னாடி பாத்துக்கிட்டே. திரும்புனேன். வலை இருந்துச்சு, கயிறு இருந்துச்சு."

காலடியில வத்துற தண்ணியப் பாத்தாரு.

டெல்பின் அவருக்கு எதிர்ல குத்துக்கால் போட்டு உக்காந்தா. "தெரியாமப் பண்ணிட்டேண்ணே," ன்னா. குரு சொல்ற மாதிரி இல்ல, வீட்டுப் புள்ள சொல்ற மாதிரி.

அப்புறம் எந்திரிச்சு கண்ணாடிய சரி பண்ணுனா. அவரு பக்கத்துல, பின்னாடி பாத்த மாதிரி உக்காந்தா.

"இன்னொரு தடவ போலாம்."

"என்னால ஆகாதும்மா."

"பின்னாடி பாக்குறது உங்க வேல இல்லண்ணே. என் வேல. அத நான் செய்யல. இப்ப செய்யிறேன்."

தர்ஷிகா கயித்தப் பிடிச்சா. சவரிமுத்து ஸ்டியரிங்கப் பிடிச்சாரு. படகு கிளம்பிச்சு.

"இருக்கா," ன்னா டெல்பின்.

முப்பத்தாறு.

"இருக்கா... இருக்காண்ணே... இருக்கா..." எண்ணிக்கிட்டே வர்ற மாதிரி, மூச்சுக்கு ஒரு தடவ.

கழுத்து நரம்பு இழுத்துச்சு. இழுத்துட்டுப் போகட்டும்னு விட்டாரு. தோள் ரெண்டும் நேரா நின்னுச்சு. திடீர்னு பின்னாடி சத்தமே இல்ல. டெல்பினும் பேசல. அவரு திரும்பல. அப்புறம் சப்புன்னு பலகை தண்ணியில அடிக்கிற சத்தம், கூடவே ஒரு கூச்சல்.

"விழுந்துட்டாளா?"

"நிக்கிறா."

கம்பத்துக்கிட்ட படகு நின்னுச்சு. தர்ஷிகா தண்ணிய அடிச்சு அடிச்சுக் கத்துறா. சவரிமுத்து மூஞ்சியத் தொடச்சாரு. பக்கத்துல இருந்தவகிட்ட மெதுவாக் கேட்டாரு.

"நெஞ்சு இன்னமும் கனமாத்தாம்மா இருக்கு. நாளைக்கு ஓட்டணும்னா மிக்கேல எறக்கி விட்டாகணுமா?"

டெல்பின் தண்ணிப் பை சுவிட்சப் பாத்தா. அதத் தொடல.

"கனம் இல்லன்னா அலை ஏதுண்ணே? எறக்க வேணாம். நடுவுல உக்கார வைங்க."