ராஜா ஒருவரே வாடிக்கையாளர்

வெண்கலபுரியில் மாலுமிகள் தவிர எல்லோருக்கும் ஒரே வேலை, குடம் செய்வது. விடிந்தால் பட்டறை, இருட்டினால் வீடு. கூலியும் குடம்தான்! மிச்சத்தை அக்கரை நாடுகள் வாங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள் அவை, “போதும் சாமி, எங்களிடம் தண்ணீரைவிடக் குடம் அதிகம்” என்று கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிட்டன. குடமெல்லாம் அரண்மனையில் வந்து குவிந்தது. ராஜா கீர்த்திவர்மர் தன் கட்டிலுக்கே ஏணி வைத்துப் போகவேண்டியதாயிற்று.

மந்திரி இடும்பனார் யோசனை சொன்னார்: “இன்னும் அதிகமாகக் குடம் செய்வோம், மகாராஜா!”

ராஜாவுக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அரசவை விகடகவி நல்லையனை அழைத்தார். “நம் ஜனங்கள் வாங்கட்டும், தின்னட்டும், அனுபவிக்கட்டும். ஏழு நாளில் கடைத்தெரு களைகட்ட வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்காது.”

எட்டாம் நாள் ராஜா கடைத்தெருவுக்கு வந்து அசந்துபோனார். நாற்பது சவரக்கடை, முப்பது இட்லிக்கடை, ஊஞ்சல் ஆட்டிவிட ஒரு கூட்டம். கடைக்காரர்கள் எல்லோரும் கப்பல் நின்றதால் சும்மா இருந்த மாலுமிகள், நல்லையன் பிடித்து உட்காரவைத்தவர்கள். ஆனால் வாங்க வந்த ஆள் ராஜா ஒருவர்தான். விடுவார்களா? “வாங்க மகாராஜா!” என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். உச்சிவேளைக்குள் நான்கு சவரம், பதினோரு முறை பலகாரம். மூன்றாவது சவரத்திலேயே புருவம் போய்விட்டது, பாவம்.

“நல்லையா, நான் ஒருத்தன் எவ்வளவுதான் தின்பேன்? ஜனங்களைக் கூப்பிடு!”

“பட்டறையில் இருக்கிறார்கள், மகாராஜா. இருட்டினதும் வருவார்கள். வந்ததும் படுத்துவிடுவார்கள்.”

“மத்தியானமே வீட்டுக்கு விடு!”

“விடலாம். ஆனால் இட்லிக்குக் குடத்தை நீட்டினால் கடைக்காரன் அடிக்க வருகிறானே?”

ஐந்தாவது மாலுமி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். ராஜா அலறினார்: “இனிமேல் கூலி காசாகவே கொடு! அரை நாள்தான் வேலை! இது என் ஆணை!”

பட்டறைக் கதவுகள் திறந்தன. ஜனங்கள் கையில் கூலிக் காசோடு வெள்ளமாய்க் கடைத்தெருவில் புகுந்தார்கள். அடுத்த நாழிகையில் நிற்க இடமில்லை. மந்திரியைக்கூட யாரோ பிடித்து ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பிழைத்தாய், நல்லையா! உன் தலை உனக்கே. பரிசாக ஆயிரம் குடம், இன்றே உன் வீட்டில் இறக்கச் சொல்கிறேன்!”

நல்லையன் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினான்.

“தலையையே எடுத்துக்கொள்ளுங்கள், மகாராஜா.”