மணிக்குள் மறைந்த எழுத்து

"சுவாமி, ஓர் எழுத்து. அது தகரமா, ககரமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."

கேட்டவர் நல்லசிவம். வயது அறுபத்தெட்டு. ஆற்றங்கரைச் சிறுமடத்தின் தம்பிரான் அவரைவிட இருபது ஆண்டு இளையவர். வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்தச் சொல்லில்?"

"என் தமக்கை கடைசியாகச் சொன்ன சொல்லில்."

"முழுவதும் சொல்லும்."

நல்லசிவம் சொன்னார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆறு பெருகி ஓடிய ஒரு நாள். அவர் பாடி முடித்த பதிகம் அன்றே அக்கரைக் கோயிலில் அரங்கேற வேண்டும் என்று ஆசை. ஏட்டைத் தமக்கை உமையாளின் மகன் கையில் கொடுத்துப் பரிசலில் ஏற்றினார். பரிசல் கவிழ்ந்தது. உமையாளுக்கு அவன் ஒரே பிள்ளை.

"ஏடு?"

"ஏடு கரை ஒதுங்கியது, சுவாமி."

தம்பிரானின் கை நின்றது.

உமையாள் அந்த ஆண்டே படுக்கையில் விழுந்தாள். தம்பியின் முகம் பார்க்கவில்லை. கடைசி நாள், உச்சிப் பொழுதில், அவள் காலைப் பற்றிக்கொண்டு "அக்கா, பொறுத்துக்கொள்" என்று அழுதார் நல்லசிவம். அவள் வாய் திறந்தாள். அதே கணத்தில் அடுத்த கோயிலில் உச்சிப்பூசை மணி அடித்தது.

"'பொறுத்தேன்' என்றாள். என் காதாரக் கேட்டேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டு சோறு உண்டேன்."

"இப்போது என்ன வந்தது?"

"அவளைப் பார்த்துக்கொண்ட வேலாயியை நேற்றுச் சந்தையில் கண்டேன். 'அந்த அம்மா சாகையிலும் பொறுக்கேன்னு சொல்லிட்டுத்தானே போச்சு' என்கிறாள். அவளும் காதாரக் கேட்டாளாம்."

தம்பிரான் எழுந்தார். மடத்து முகப்பில் தொங்கிய மணியின் நாவைக் கையில் பிடித்தார்.

"நான் சொல்வதைக் கேட்டுச் சொல்லும்."

பேசத் தொடங்கியவர், சொல்லின் தலையிலேயே ஓர் அடி அடித்தார். ஓசையை உடனே உள்ளங்கையால் அணைத்தார்.

"என்ன கேட்டது?"

"'சட்டை கிழிந்தது' என்றீர்கள்."

மீண்டும் ஓர் அடி.

"'கட்டை எரிகிறது.'"

மடைப்பள்ளியிலிருந்து சமையற்காரர் தலை நீட்டினார். "எந்தக் கட்டை சாமி எரியுது? நான் இன்னும் அடுப்பே மூட்டலியே!"

"உம்மைச் சொல்லவில்லை. போம்."

மூன்றாவது அடி.

"'பட்டை அழிந்தது.'" நல்லசிவத்தின் விரல் தானாக நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்தது.

"மூன்று முறையும் முதலெழுத்தை நான் சொல்லவில்லை. 'ட்டை' என்றுதான் சொன்னேன்."

"இல்லை, சுவாமி! தெளிவாகக் கேட்டதே."

தம்பிரான் மணியை விட்டார். வெறுங்கையோடு சொன்னார்: "ட்டை கிழிந்தது."

பல் விழுந்த வாயில் வந்த பேச்சைப் போல் இருந்தது. சகரம் எங்கும் இல்லை.

"ஓசை விழுந்து மூடிய இடத்தைக் காது வெறுமையாக விடுவதில்லை. கிழிந்தது என்ற சொல் பின்னால் வந்தது. அதுதான் திரும்பிப் போய் முன்னால் ஒரு சகரத்தை வைத்தது."

தம்பிரான் அவர் பக்கம் திரும்பினார்.

"உம் தமக்கையின் சொல்லுக்குப் பின்னால் என்ன சொல் வந்தது?"

"வரவில்லை. மூச்சு அடங்கிவிட்டது."

"வேறு என்ன வந்தது?"

ஆற்றில் யாரோ துணி துவைத்தார்கள். கல்லில் துணி விழுவது தெரிந்தது; ஓசை சற்றுப் பின்னால் வந்தது.

"நான் வந்தேன், என் ஆசையோடு," என்றார் நல்லசிவம்.

"வேலாயிக்கு?"

"அவளுக்கு அக்காவின் அழுகை வந்திருக்கும். பத்து மாதம் பக்கத்திலிருந்து கேட்டவள்."

தம்பிரான் மீண்டும் வில்வத்தின் முன் அமர்ந்தார்.

"அப்படியானால் அக்கா என்னதான் சொன்னாள்?"

தம்பிரான் ஓர் இலையைக் கிள்ளி எடுத்தார்.

நல்லசிவம் அவர் காலடியில் விழுந்தார். "எனக்கு உண்மை வேண்டாம், சுவாமி. நேற்றுவரை என்னிடம் இருந்ததே, அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை கேட்டால் போதும்."

தம்பிரான் மீண்டும் எழுந்தார். பிறகு மணியின் நாவைப் பற்றினார்.

"பொறு" என்று தொடங்கினார். நடுவில் அடித்தார். "ஏன்" என்று முடித்தார்.

நல்லசிவம் கண்களை இறுக மூடியிருந்தார்.

"இன்னொரு முறை."

அடித்தார்.

"இன்னும் ஒருமுறை, சுவாமி. சற்று மெல்ல."

அடித்தார். இம்முறை ஓசையை அணைக்கவில்லை. அது ஆற்றைத் தாண்டி, பரிசல் போய்ச் சேராத அக்கரைவரை போய் அடங்கியது.

"என்ன கேட்டது?" தம்பிரானின் குரல் இளகியிருந்தது.

"மணி மட்டும், சுவாமி."